தண்ணீர்த் திருவிழாவுக்கு அப்புறம் ஈ-பைக் மோட்டார் உதறுது, மோட்டாரையே மாத்தணுமா?

மோல்மேன்_வண்டி:
48 வோல்ட், 500 வாட், பின்சக்கரத்திலேயே மோட்டார் இருக்கிற வண்டி. 12 வோல்ட் 20 ஆம்பியர் ஈய பேட்டரி நாலு. திஞ்சான்ல (பர்மாவோட தண்ணீர்த் திருவிழா) நல்லா நனைஞ்சது, அதுக்கப்புறம் முழங்கால் தண்ணியிலயும் ஓடுச்சு. இப்ப ஆக்சிலேட்டர் திருகினா சக்கரம் கர்ர்னு உதறி நின்னுடுது. காலால உந்திவிட்டா கொஞ்சம் ஓடுது, ஆனா இழுவை இல்லை. கடையில மோட்டாரே போச்சு, புதுசு போடுங்கன்னு சொல்றாங்க. மல்டிமீட்டர் இருக்கு. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கணும் அண்ணே?

பெகு_ஒயரிங்:
மோட்டார் அவ்வளவு லேசில் போகாது தம்பி. உதறல், உந்தினால் ஓடுவது, இந்த ரெண்டும் சேர்ந்து வந்தால் முதலில் ஹால் சென்சாரைத்தான் (மோட்டார் காந்தம் எந்த இடத்தில் இருக்குன்னு சொல்ற சின்ன சென்சார், உள்ளே மூணு இருக்கும்) சந்தேகப்படணும். ஆனாலும் கன்ட்ரோலரையும் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுற பெட்டி) மோட்டார் காயிலையும் பார்த்து ஒதுக்கிட்டுப் போங்க.

சாவியை அணைச்சு, கன்ட்ரோலருக்குப் போகிற மூணு தடித்த ஒயரையும் (மஞ்சள், பச்சை, நீலம்) பிரிச்சு, ஒண்ணோட ஒண்ணு தொடாம வச்சு சக்கரத்தைக் கையால் சுத்துங்க. லேசா சுத்தணும். பிரிக்கும் முன் இறுக்கம், பிரிச்ச பின் லேசுன்னா கன்ட்ரோலருக்குள்ள மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடுற எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட். பிரிச்ச பின்னும் தடுக்கித் தடுக்கிச் சுத்தினா காயில் ஷார்ட் அல்லது பேரிங். அப்புறம் ரெண்டு ரெண்டா ஒயரைச் சேர்த்துப் பிடிச்சு சுத்துங்க, மூணு ஜோடிக்கும் ஒரே அளவு இறுக்கம் வரணும். காயிலை ஓம்ல அளந்து பிரயோஜனமில்லை. அதோட தடை ஒரு ஓமுக்கும் ரொம்பக் கீழே, சாதாரண மீட்டர் அதைப் பிரிச்சுக் காட்டாது. மெகா ஓம்ல வச்சு ஒவ்வொரு தடித்த ஒயருக்கும் அச்சுக்கும் நடுவே மட்டும் பாருங்க. எதுவும் காட்டக் கூடாது. கிலோ ஓம் கணக்கில் காட்டினா உள்ளே ஈரம்.

இப்ப ஹால். தடித்த ஒயர்கள் பிரிஞ்சபடியே இருக்கட்டும், ஐந்து மெல்லிய ஒயர் உள்ள கனெக்டரை மட்டும் மாட்டி, சாவியைப் போட்டு, பின்பக்கமா ஊசியைச் செருகி அளங்க. சிவப்புக்கும் கருப்புக்கும் 4.5 முதல் 5 வோல்ட் வரணும். கருப்பில் ஒரு ஊசியை வச்சுக்கிட்டு மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொண்ணாத் தொட்டு, சக்கரத்தை மெதுவா நகர்த்துங்க. 0, 5, 0, 5ன்னு மாறணும். மாறாம 5லயே நின்னா சென்சார் செத்தது அல்லது ஒயர் அறுந்தது. 0லயே நின்னா ஷார்ட், பல நேரம் கனெக்டருக்குள்ள தண்ணி.

தட்டோன்_பேட்டரி:
அதுக்கு முன்னாடி காசு செலவில்லாத ஒரு வேலை: ரெண்டு பிரேக் லீவர் சுவிட்சின் கனெக்டரையும் பிடுங்கிட்டுப் பாருங்க. சுவிட்ச் நனைஞ்சா பிரேக் பிடிச்ச மாதிரியே கன்ட்ரோலர் கரண்டை வெட்டும்.

பேட்டரியையும் விடாதீங்க. கரண்ட் அடிக்கடி போற ஊர்ல அரைகுறையா சார்ஜ் ஏறி ஏறி ஒண்ணு மட்டும் சீக்கிரம் சாகும். ஸ்டாண்ட் போட்டு அளந்தா தெரியாது. ஆள் ஏறி மேட்டில் இழுக்கும்போது நாலையும் தனித்தனியா அளந்தா, மத்தது 12 வோல்ட்ல நிக்க ஒண்ணு மட்டும் 10.5க்குக் கீழே விழும். மொத்தம் கிட்டத்தட்ட 42 வோல்ட்டுக்கு வந்ததும் கன்ட்ரோலர் தானா நிறுத்திடும்.

மோல்மேன்_வண்டி:
பிரேக் பிடுங்கியும் அதே உதறல். சக்கரம் லேசாத்தான் சுத்துது, அச்சுக்கு எதுவும் காட்டலை. சிவப்பு-கருப்பு 4.9. மஞ்சள், பச்சை மாறுது. நீலம் 4.9லயே நிக்குது.

பெகு_ஒயரிங்:
அப்ப காயிலும் கன்ட்ரோலரும் நல்லாயிருக்கு, கோளாறு அந்த நீலத்தில்தான். பிரிக்கிறதுக்கு முன்னாடி அச்சு ஓட்டையில் கேபிள் வெளியே வர்ற இடத்தைப் பாருங்க. நட்டு தளர்ந்து அச்சு திரும்பினா முதலில் அறுகிறது இந்த மெல்லிய ஒயர்தான். அங்கே சரியா இருந்தா திறக்க வேண்டியதுதான்.

மூடியிலும் ரிம்மிலும் ஒரு கோடு போட்டுக்கங்க. கேபிள் வர்ற பக்கத்து ஸ்க்ரூக்களை எதிரெதிரா கழற்றி, அச்சோட மறுமுனையைப் பலகையில் ஊன்றி, ரிம்மைக் கீழே அழுத்துங்க. காந்தம் வெடுக்குன்னு இழுக்கும், விரலை இடுக்கில் விடாதீங்க. சென்சார் பெரும்பாலும் 41எஃப்னு நம்பர் போட்டது, மூணையும் சேர்த்தே மாத்துங்க, ஒண்ணு போன இடத்தில் மத்ததும் நனைஞ்சிருக்கும். எழுத்துள்ள முகம் பழசு இருந்த பக்கமே இருக்கணும். எழுத்து நம்மைப் பார்க்க, இடக்கால் 5 வோல்ட், நடுக்கால் கருப்பு, வலக்கால் சிக்னல். ஒண்ணோட ஒண்ணு தொடாம இருக்க காலுக்குக் காலு ஸ்லீவ் (மெல்லிய உறைக்குழாய்) போடுங்க. எபாக்சி வச்சு ஒட்டி, மூடும் முன் கனெக்டரை மாட்டி, காந்தத்தின் ஒரு முனையும் மறு முனையும் காட்டிப் பாருங்க, சிக்னல் மாறணும்.

உள்ளே துரு இருந்தா உப்புத்தாளால் தேய்ச்சு, ரெண்டு மூணு நாள் வெயிலில் காயவிட்டு வார்னிஷ் அடிங்க. அவசரத்துக்கு அனல் காட்டாதீங்க, 80 டிகிரிக்கு மேல் போனா காந்தம் வலு குறையும்.

தட்டோன்_பேட்டரி:
மூடும்போது புளிப்பு வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை வாங்குங்க. சூடான மோட்டார் சட்டுன்னு தண்ணியில் இறங்கினா உள்ளே காற்று சுருங்கி, கேபிள் ஓட்டை வழியா தண்ணியை உறிஞ்சும். அதனால அந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்கணும். கேபிள் அச்சை விட்டு வெளியே வந்ததும் ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும்.

மோல்மேன்_வண்டி:
ஹால் இல்லாமலே ஓட்டுற கன்ட்ரோலர் போட்டா திறக்கவே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாரே?

பெகு_ஒயரிங்:
ஓடும். சமதரையில் ஒருத்தர் போனா போதும்னா போடலாம். ஆனா நின்ன இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவை குறையும், பின்னால ஆள் ஏறி மேட்டில் நின்னா மறுபடி உதறும். உள்ளே போன தண்ணியும் அங்கேயேதான் இருக்கும், அது பேரிங்கை முடிச்சுடும்.