கடலோரம் நான்கு நாட்கள்: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது?

புதுப்பயணி (கேள்வி)

பிள்ளைகளுக்கு விடுமுறை வருகிறது. நான்கு நாட்கள் கடலோரமாகப் போய்த் தங்கிவரலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், முழங்கால் வலியோடு என் அம்மா. எங்களில் யாருக்கும் கடல் பழக்கமில்லை. காலை நனைத்துவிட்டுத் திரும்பியதோடு சரி.

இரண்டு ஊர்களைத் தேர்ந்து வைத்துவிட்டு எதற்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறோம். முதல் ஊரில் நீண்ட மணல்கரை, நடைபாதை, வரிசையாக உணவகங்கள், உயிர்காப்பாளர்கள், அத்தோடு கூட்டமும் உண்டு. இரண்டாவது ஊர் ஒரு சிறிய வளைகுடா. இருபுறமும் பாறை, நடுவில் வெள்ளை மணல். படங்களில் ஒரு மனிதரைக்கூடக் காணோம். கணவர் அதைப் பார்த்ததிலிருந்து அங்கேதான் என்கிறார். எனக்கும் ஆசைதான், ஆனாலும் மனத்தில் ஏதோ உறுத்துகிறது.

அறை எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும், சாப்பாட்டுக்கு எங்கே போக வேண்டும், பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊர்சுற்றி

யோசிக்கவே வேண்டாம், வளைகுடாவுக்குப் போங்கள். கூட்டத்துக்கு நடுவில் விடுமுறையைக் கழிக்க இவ்வளவு தூரம் எதற்குப் பயணம்? அறையைக் கடலைப் பார்த்தபடி எடுங்கள். ‘கடல் தெரியும் அறை’ என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஒரு கீற்றுத் தெரியும், அதற்கும் அந்தப் பெயர்தான். வாரநாட்களில் போனால் வாடகையும் குறையும்.

கரைக்காவல்

நான் 19 ஆண்டுகள் கடற்கரை உயிர்காப்பாளராக வேலை பார்த்தவன். மேலே எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. சகோதரி, உங்களை உறுத்துவதை நம்புங்கள். முதல் ஊரில் தங்குங்கள். வளைகுடாவுக்கு ஒருநாள் மட்டும் போய்வாருங்கள், அதுவும் நேரம் பார்த்து. காரணத்தைச் சொல்கிறேன்.

நீச்சல் தெரியாத ஐந்து பேருக்கு, காவல் இல்லாத கரையில் மிகப் பெரிய ஆபத்து அலையல்ல, இழுவை. கரையில் வந்து உடைகிற அலைகளின் நீர் எல்லாம் திரும்பிப் போக வழி தேடும். அலைகள் மணல்திட்டின் மேல் உடைந்துகொண்டே இருந்தால், திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வாய்க்கால் வழியே மொத்த நீரும் கடலை நோக்கிப் பாயும். அதன் வேகம் சில நேரங்களில் நொடிக்கு 2.5 மீட்டர்வரை இருக்கும். ஒலிம்பிக் வீரர்கூட அதை எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், பழக்கமில்லாத கண்ணுக்கு அந்த இடம்தான் குளிக்க ஏற்ற இடமாகத் தெரியும். காவல் கோபுரத்தில் இருந்து பார்த்தால் இருபுறமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்கும். நடுவில் மட்டும் ஒரு பட்டை கருமையாக, அலை உடையாமல், லேசான சுருக்கங்களோடு கிடக்கும். அதன் மேல் கலங்கிய மணலும் பாசித் துணுக்குகளும் கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். கரையில் நிற்கும் தாய்தந்தையர் ‘இங்கே அலையே இல்லை, இங்கே விளையாடு’ என்று குழந்தையைச் சரியாக அந்தப் பட்டையில் இறக்கிவிடுவார்கள். எத்தனை முறை ஊதலை ஊதிக்கொண்டு ஓடியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஒருநாள் மாலை அப்படி இழுக்கப்பட்ட ஒரு சிறுவனைத் தேடிப் போனேன். அவன் முதுகை நீரில் கிடத்தி, முகத்தை மேலே வைத்து, அசையாமல் மிதந்துகொண்டிருந்தான். எங்கேயோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவனைக் காப்பாற்றக் குதித்த தந்தைதான் எதிர்நீச்சல் போட்டுக் களைத்து, இரண்டு முறை முங்கி எழுந்திருந்தார். அவரைத் தூக்கிவர இரண்டு பேர் வேண்டியிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். அன்று நான் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

ஆகவே கிளம்பும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். இழுத்தால் எதிர்க்காதே. மித. கையை உயர்த்திக் கத்து. இழுவை ஆளை நீருக்கு அடியில் இழுக்காது, கடலுக்குள் கொண்டுபோகும், அவ்வளவுதான். சற்றுத் தூரத்தில் அதன் வேகம் குறைந்துவிடும். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாக நீந்தி அதைவிட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்கும் பெரியவர்கள் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மிதக்கும் எதையாவது எறியுங்கள், காற்று நிரம்பிய பந்தோ மூடிய காலி தண்ணீர்க் கேனோ எதுவாக இருந்தாலும் சரி.

கொடிகளைப் பற்றி. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள். காவலர்கள் கண்வைத்திருக்கும் இடம் அதுதான். தனிச் சிவப்பு என்றால் ஆபத்து, இறங்காதீர்கள். ஊதா என்றால் சொறிமீன் (ஜெல்லிமீன்) போன்றவை நீரில் இருக்கின்றன. நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் உண்டு, எனவே நுழைவாயில் பலகையை நின்று படியுங்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் காற்றடைத்த மிதவைகளைக் குழந்தைகளிடம் கொடுக்கவே வேண்டாம். கடல் குளம்போல் அமைதியாக இருக்கும், மிதவை மட்டும் பிடிக்க முடியாத வேகத்தில் போய்விடும்.

அறை விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் உள்ள தூரத்தை நம்பாமல் செயற்கைக்கோள் வரைபடத்தில் விடுதியைப் பாருங்கள். கரைக்கும் விடுதிக்கும் நடுவில் பெரிய சாலை இருக்கிறதா, பக்கத்தில் கட்டுமானம் நடக்கிறதா, ஆற்றுமுகம் அருகில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆற்றுமுகத்தில் நீரோட்டம் மோசம். மழை பெய்தால் ஊர்க்கழிவு எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் அப்படிப்பட்ட இடங்களுக்கு அருகில் குளிக்கக் கூடாது. விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, வெளியே மணலைக் கழுவக் குழாய் உண்டா, ஈரத்துணி உலர்த்த இடம் உண்டா, புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். கரையை ஒட்டிய முதல் வரிசை விடுதிதான் வேண்டும் என்பதில்லை. ஐந்து நிமிட நடையில் இருக்கும் இரண்டாவது வரிசையில் இரைச்சலும் குறைவு, வாடகையும் பெரும்பாலும் குறைவு.

புதுப்பயணி

ஐயா, இதைக் கணவரிடம் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அந்தத் தந்தையைப் பற்றிய பகுதி வந்ததும் பேசாமல் போனை வாங்கி முதல் ஊரில் விடுதி தேட ஆரம்பித்துவிட்டார். மிக்க நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அம்மாவால் மணலில் நடக்க முடியாது. நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் அறையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. அடுத்து, சாப்பாடு. மகன் மீன் என்றால் உயிரை விடுவான், ஆனால் வெளியூரில் மீன் சாப்பிட்டு வயிறு கெட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு.

துறைமுகத்தாய்

மீனுக்கு நான் பதில் சொல்கிறேன். மீன் வெட்டிக் கழுவும் வேலையில் என் கை ஊறிப்போயிருக்கிறது.

அலங்காரத்தைப் பார்த்துக் கடைக்குள் நுழையாதீர்கள். மீனைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் காட்டுவார். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். குழிந்து பால்போல் மங்கியிருந்தால் பழையது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருக்கக் கூடாது. விரலால் அமுக்கினால் சதை உடனே எழும்ப வேண்டும். புதுமீனில் கடல்வாசம்தான் இருக்கும். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் மீன் தேங்குவதில்லை, அதுவும் ஓர் அடையாளம். கடல் கொந்தளித்துப் படகுகள் போகாத நாட்களில் எல்லா இடத்திலும் பனிக்கட்டி மீன்தான். அன்று வேறு ஏதாவது சாப்பிடுங்கள்.

சமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை வெயிலில் போட்டு வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், வயிறு புரட்டும். நாக்கில் மிளகுபோல் சுரீரென்று காரம் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். வெப்பக் கடல்களில் பவளப்பாறையை ஒட்டி வாழும் மிகப் பெரிய மீன்களையும், குறிப்பாகப் பெரிய சீலா மீனை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சில இடங்களில் அவற்றின் உடலில் நஞ்சு சேர்ந்திருக்கும். நிறத்திலோ வாசத்திலோ தெரியாது. சிறிய மீன் கேட்டு வாங்குங்கள், ருசியும் அதில்தான். பச்சைச் சிப்பி பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

கரைக்காவல்

துறைமுகத்தாய் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கரையில் நீங்களே பொறுக்கிய மட்டிகளைச் சமைக்காதீர்கள். கடலில் நச்சுப்பாசி பெருகும் காலத்தில் அவற்றுக்குள் சேரும் நஞ்சும் கொதியில் போகாது.

உங்கள் அம்மாவுக்கு: நடைபாதையை ஒட்டி, படியேறாமல் போகக்கூடிய அறையைக் கேளுங்கள். பல பெரிய கடற்கரைகளில் அகலச் சக்கரமுள்ள மணல் நாற்காலி கொடுக்கிறார்கள், மணலில் புதையாமல் நீர்விளிம்புவரை போகும். காவலர்களிடம் விசாரியுங்கள். காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் அவரைக் கரைக்கு அழைத்துவாருங்கள். நடுப்பகல் வெயில் உங்களுக்கும் ஆகாது. மதியம் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று வரத் தொடங்கும், மாலையில் அந்தக் காற்றில் உட்கார்ந்திருப்பதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது வளைகுடா. உங்கள் கணவரின் ஆசையை நான் கெடுத்துவிட்டதாக இருக்க வேண்டாம். அங்கே பாறை இருக்கிறது என்றீர்கள், அதனால் பிள்ளைகளுக்கு அந்த ஒரு காலை நேரம்தான் இந்தப் பயணத்திலேயே பெரிய விருந்தாக இருக்கும். ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல், இணையத்தில் கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம், அதனால் நேரம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக அதிகமாக வற்றும், அதேபோல் மிக அதிகமாக ஏறும். நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாறைக்குப் போய்ச் சேருங்கள், நீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பாறையைச் சுற்றிக்கொண்டு ஏறும் நீர் பின்வழியை முதலில் அடைத்துவிடும்.

வற்றிய பாறைக்குழிகளில் தேங்கிய நீருக்கு முன்னால் பிள்ளைகளைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. நிழல் விழாமல் இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் குழி உயிர்பெறும். பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகள் கதவைத் திறந்து இறகுபோன்ற கால்களால் நீரைத் துழாவும். செத்த சங்கு என்று நினைத்தது கால் முளைத்து நடக்கும்; உள்ளே துறவி நண்டு குடியிருக்கும். கல்லைப் புரட்டினால் அதே நிலையில் திரும்ப வையுங்கள், அடியில் வாழ்பவை வெயிலில் செத்துப்போகும். காலிச் சங்குகளை எடுத்துவராதீர்கள், வளரும் துறவி நண்டுக்கு அதுதான் அடுத்த வீடு. அழகான கூம்புச் சங்கைக் கையால் தொடவே கூடாது, சிலவற்றின் கொட்டு ஆளைக் கொல்லும். காலில் நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

சொறிமீன் பட்டால் கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தோல் தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் வையுங்கள். நல்ல தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் மீதமுள்ள கொட்டுச்செல்களும் வெடிக்கும். மூச்சுத்திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனை.

உங்கள் மகளுக்கு 11 வயது என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, சுனாமி வருகிறது என்று தாய்தந்தையரிடம் விடாமல் சொன்னாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்திருந்தாள். கரையில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்று உங்கள் மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று எழுதுங்கள் சகோதரி. அந்த ஊருக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, வளைகுடாவுக்கு எந்தக் காலை சரியாக வரும் என்று சொல்கிறேன்.

புதுப்பயணி

அடுத்த மாதம், அமாவாசைக்கு முந்தைய நாள் போய்ச் சேருகிறோம் ஐயா. மகள் இப்போதே துறவி நண்டைப் படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டாள். இரண்டாவது வரிசை விடுதி ஒன்றில் தரைத்தளத்தில் அறை கிடைத்திருக்கிறது. வெளியே குழாய் உண்டாம், கேட்டுவிட்டேன்.