நடுராத்திரியில் விரிந்த ரோஸ் நிற வில்

புழுதிப் புயலைச் செயற்கைக்கோள் படத்தில் துரத்திப் பிடித்த கதைகளை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது 2020 ஜூன் மாதத்தது.

அதுவரை இயல்பு நிறப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு மேலே புழுதி வந்தால் பளிச்சென்று தெரியும். பாலைவனத்தில் மணலும் புழுதியும் ஒரே நிறம், கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. இரவில் கேட்கவே வேண்டாம். அப்புறம்தான் ஐரோப்பாவின் வானிலைச் செயற்கைக்கோளான மெட்டியோசாட்டின் அகச்சிவப்புப் புழுதிப் படத்துக்கு மாறினேன். புழுதித் துகள்கள் வெப்பக் கதிரை 12 மைக்ரான் அலைநீளத்தில் விழுங்குவதைவிட 10.8 மைக்ரானில் அதிகமாக விழுங்கும். இந்த வித்தியாசத்தைச் சிவப்பாகக் காட்டினால் புழுதி ரோஸ் நிறத்தில் தனித்துத் தெரியும். வெயிலே வேண்டாம்.

ஒரு நடுராத்திரி, 15 நிமிடத்துக்கு ஒன்றாக வந்த படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுப் பக்கம் கருஞ்சிவப்பாக ஒரு இடிமேகக் கூட்டம். அது கலையக் கலைய, விளிம்பிலிருந்து மெல்லிய ரோஸ் வில் ஒன்று பிரிந்து விரிந்தது. மழையோடு இறங்கிய குளிர்காற்று தரையில் மோதிப் பரவி, புழுதியை வாரிக்கொண்டு போகிறது. ஹபூப் என்று படித்திருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

நாலைந்து படம் கழித்து நிறம் மங்கியது. புயல் அடங்கியது என்று குறித்துவைத்தேன். அது தப்பு. காற்றில் ஈரம் கூடினால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும், புழுதி இருந்தும் தெரியாது. மறுநாள் பகலில், இன்னும் மேற்கே அது மறுபடி தலைகாட்டியது.

அதே மாத நடுவில் ஆப்பிரிக்கக் கரையை விட்டுக் கிளம்பிய பெரும்புழுதி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் தீவுகளையே மூடியது. தினமும் விடாமல் பார்த்தேன்.

*

மேலே எழுதியவரைப் போல, ஈரத்தில் புழுதி மறைவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் தவறியது உயரத்தில். படத்தில் ரோஸ் நிறம் அடர்ந்து வருவதைப் பார்த்து, காற்று கெடப்போகிறது என்று எல்லோரையும் எச்சரித்தேன். புழுதி தலைக்கு மேலேயே போய்விட்டது. தரையில் இருந்த கருவியில் அளவு ஏறவே இல்லை. சஹாரா புழுதி 5, 6 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் ஏறும். அது எந்த உயரத்தில் போகிறது என்பதை அந்தப் படத்தின் நிறத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. 2006 முதல் 2023 வரை காலிப்சோ என்ற செயற்கைக்கோள் லேசரால் அதைக் காட்டிக்கொண்டிருந்தது, அதுவும் தான் போகும் ஒடுங்கிய பாதைக்கு நேர்கீழே மட்டும். இப்போதெல்லாம் தரை நிலையத்தின் பார்வைத் தூரம் குறைகிறதா என்று பார்த்த பிறகே எச்சரிக்கிறேன்.