ஏடன்: சுல்தான்களுக்குப் படியளந்த ஆங்கிலேயர்

கேள்வி (கடலோடி மகன்):

தரியா தவுலத் என்ற கப்பலைத் தேடப் போய், ஏமனின் தெற்குக் கரையிலுள்ள ஏடன் துறைமுகத்தின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். ஆற்காடு நவாப் குடும்பத்தாரின் கப்பல் அது. 1837இல் ஏடன் பக்கம் தரைதட்டிக் கொள்ளை போனது. அதைச் சாக்காக வைத்து, ஏடனை ஆண்ட லஹஜ் சுல்தானோடு ஆங்கிலேயர் பேரம் பேசி, பேரம் படியாமல், 1839 ஜனவரி 19இல் அவர்களுடைய கேப்டன் ஹெயின்ஸ் ஊரைப் பிடித்துவிட்டார். இதுவரை புரிகிறது.

அடுத்த பக்கம்தான் குழப்பம். தோற்றுப்போன லஹஜ் சுல்தானுக்கே, அதே ஆண்டில், வருடத்துக்கு 6,500 மரியா தெரசா வெள்ளி (ஆஸ்திரிய அரசியின் பெயர் கொண்ட நாணயம்) தருவதாக எழுதிக் கொடுக்கிறார்கள். அப்புறம் சுற்றியுள்ள ஃபத்லி, அக்ரபி, ஹவ்ஷபி, யாஃபி இனத் தலைவர்கள் என்று வாங்குவோர் பட்டியல் நீள்கிறது. பீரங்கி வைத்திருந்தவன் ஏன் பணம் கட்டினான்? இது லஞ்சமா, கப்பமா, வேறு ஏதாவதா?

பதில் 1 (பழைய கப்பல் குமாஸ்தா):

ஏடனில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஊர் உட்கார்ந்திருப்பது அணைந்துபோன எரிமலையின் கிண்ணத்துக்குள். அதை நிலத்தோடு சேர்ப்பது தட்டையான ஒரு மணல் துண்டு. அதை அடைத்துக் காவல் போட்டால் உள்ளே யாரும் வர முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? பாறை. புல் கிடையாது, விறகு கிடையாது, நல்ல தண்ணீருக்கும் தட்டுப்பாடு. குதிரைக்குத் தீவனம், அடுப்புக்கு விறகு, சந்தைக்குக் காய்கறி, ஏற்றுமதிக்குக் காப்பிக்கொட்டை எல்லாம் ஒட்டகத்தின் முதுகில் வடக்கேயிருந்து வரவேண்டும். பிடித்தபோது சில நூறு பேர் இருந்த ஊர் 1850களின் நடுவில் 20,000 பேர் கொண்டதாகிவிட்டது. 1850இல் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார்கள். எதற்கு? செங்கடல் கரையிலுள்ள மோக்கா துறைமுகத்துக்குப் போகிற காப்பியை இங்கே இழுக்க. காப்பி வரவேண்டுமானால் வழி திறந்திருக்க வேண்டும்.

அந்த வழி யாருடையது? ஊரைத் தாண்டினால் அப்தலி (லஹஜ் சுல்தானின் இனம்) எல்லை, பக்கத்தில் அக்ரபி, கிழக்கே ஃபத்லி, மேலே ஹவ்ஷபி. ஒவ்வொருவரும் தன் எல்லையில் ஒட்டகத்துக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். வாங்கியவன் அந்தச் சரக்குக்குப் பொறுப்பு. பொறுப்பை மீறினால் அவனுக்கு மானக்கேடு. ஆங்கிலேயர் செய்தது இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்ததுதான். என் கணக்கில் அது லஞ்சமும் இல்லை, கப்பமும் இல்லை. காவல் கூலி. வழியில் கொள்ளை நடந்தால் அந்த எல்லைத் தலைவரின் படி, அதாவது வருடப் பணம், நிற்கும். படி நின்றால் அவர் தன் ஆட்களுக்குப் பங்கு பிரிக்க முடியாது, பங்கு இல்லையென்றால் அவர் பேச்சை எவனும் கேட்க மாட்டான். பம்பாயிலிருந்து ஒரு பட்டாளத்தை வரவழைத்து நிறுத்துவதைவிட இது எவ்வளவு மலிவு என்று யோசியுங்கள்.

நாணயத்தையும் சொல்ல வேண்டும். எந்த வருடம் அடித்தாலும் அதில் 1780 என்றுதான் இருக்கும், அரசி இறந்த வருடம். தடித்த வெள்ளி, அரசியின் தலையும் மார்பில் ஓர் அணியும். அந்த அணியில் முத்துகள் தேயாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மலையாட்கள் வாங்குவார்கள். தேய்ந்திருந்தால் திருப்பித் தருவார்கள். கம்பெனி ரூபாய்க்கு உள்நாட்டில் அந்த மதிப்பு கிடையாது.

ஊரைப் பிடித்தபின் அங்கேயே அதிகாரியாக இருந்த ஹெயின்ஸ் கதைதான் எனக்கு மனசு கேட்காது. யார் யாரோடு சண்டை, யார் யாரோடு சம்பந்தம் என்பதை அவரளவு தெரிந்தவர் அங்கே இல்லை. லஹஜ் ஊருக்குள் நடப்பது அவர் ஆட்கள் மூலம் உடனே தெரிந்துவிடும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் கோட்டை விட்டார். கஜானாவில் ஏறக்குறைய 28,000 பவுண்டு குறைந்தது. 1854இல் பம்பாய்க்கு இழுத்தார்கள், ஜூரி மோசடி இல்லை என்றது, ஆனாலும் கடனாளி என்று சிறையில் போட்டார்கள். 1860இல் வெளியே வந்த சில நாட்களில் செத்துப்போனார். ஒரு குமாஸ்தாவை ஒழுங்காக வைத்துக்கொடுத்திருக்கலாம், பாவிகள்.

பதில் 2 (செம்மண்):

அண்ணன் ரொம்ப அழகாக எழுதிவிட்டார். ஆனால் 'காவல் கூலி' என்றதும் ஏதோ இருதரப்பும் கைகுலுக்கிய வியாபாரம் போலத் தெரிகிறது. 1865 கடைசியில் ஃபத்லி ஆட்கள் ஏடனுக்கு அருகே பிர் அகமது என்ற ஊர்ப் பக்கம் ஒட்டகக் கூட்டத்தைத் தாக்கினார்கள். 1866 ஜனவரியில் ஆங்கிலேயப் படை போய் அவர்கள் ஊர்களை அழித்தது. அவர்களுடைய ஷுக்ரா துறைமுகத்துக்குக் கடல் வழியாகவும் போனார்கள். 1867இல் ஒப்பந்தம். படி ஒரு கையில், நெருப்பு மறு கையில்.

இன்னொன்று, பணம் யாரிடம் கொடுக்கிறீர்களோ அவனே தலைவன் ஆகிவிடுகிறான். பலரில் ஒருவனாக இருந்த ஷேக், ரெசிடெண்ட் (ஏடனின் ஆங்கிலேய அதிகாரி) அலுவலகப் பட்டியலில் பெயர் ஏறியதும் பீரங்கி மரியாதைக்கு உரியவன். மற்றவனுக்கு வயிறு எரியாதா?

பதில் 3 (முக்கல்லா பிரியை):

ஏடனுக்குக் கிழக்கே ஹள்ரமவ்த் பக்கம் கதை வேறு மாதிரி. அங்கே வழிப்போக்கன் ஒவ்வொரு கூட்டத்தின் எல்லையிலும் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவனைக் கூலிக்குத் துணையாக அழைத்துப் போவான். அவன் கூட இருந்தால் அவன் இனத்தார் சுட மாட்டார்கள். 1937இல் ஆங்கிலேய அதிகாரி ஹரோல்டு இங்கிராம்ஸ், தரீமைச் சேர்ந்த சையிது அபூபக்கர் அல்காஃபின் துணையோடு 1,300க்கும் மேற்பட்ட தலைவர்களிடம் மூன்று வருடச் சமாதானத்துக்குக் கையெழுத்து வாங்கினார். அல்காஃப் சொந்தக் காசைக் கொட்டினார். தரீமிலிருந்து ஷிஹ்ர் வரை மோட்டார் பாதை போட்டதும் அவர் குடும்பம்தான். அந்தக் காசு சிங்கப்பூர், ஜாவா பக்கம் சம்பாதித்தது. 1942இல் ஜப்பான் அங்கே நுழைந்ததும் வரவு நின்றது, அடுத்த ஆண்டே பஞ்சம்.

ஆனால் பாதை போட்டதற்கு ஒட்டகக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. லாரி வந்தால் அவன் ஒட்டகத்தை என்ன செய்வான்? பின் யமானி கூட்டத்தார் பாதையில் சுட்டார்கள். துப்பாக்கியும் ஒட்டகமும் அபராதம் என்றார்கள் ஆங்கிலேயர், இவர்கள் கட்டவில்லை. விமானம் வந்து குண்டு போட்டது. முன்கூட்டியே எச்சரித்து ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். வீடு வீடுதானே.

பதில் 4 (பழைய கப்பல் குமாஸ்தா):

செம்மண் தம்பி சொல்வது சரி, நெருப்பு இருந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் சரியாகப் போய்ச்சேர்ந்த காலத்தில் நெருப்புக்கு அடிக்கடி வேலை வரவில்லை, அதுதான் என் கட்சி. தங்கச்சி சொன்ன லாரிக் கதைதான் பின்னால் ஏடனுக்கு வடக்கேயுள்ள ரத்ஃபான் மலைப்பகுதியிலும் நடந்தது. ஏடனிலிருந்து தாலிஃ போகும் பாதையில் குதைபி இனத்தார் சுங்கம் வாங்கிவந்தார்கள். ஆங்கிலேயர் இந்தச் சிற்றரசுகளைச் சேர்த்துக் கூட்டாட்சி அமைத்தபின் அந்தச் சுங்கத்தைப் பிடுங்கினார்கள். சுங்கம் வாங்குவது காட்டுமிராண்டித்தனம், நவீன அரசுக்கு ஒவ்வாது என்று யாரோ ஒரு புத்திசாலி ஆபீசர் நினைத்திருப்பான். வடக்கே ஏமன் குடியரசுப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய ஆட்கள் கையில் துப்பாக்கியோடு ஊரில் இருந்தார்கள். 1963 அக்டோபர் 14இல் அவர்களின் தலைவர் ராஜிஹ் பின் காலிப் லபூஸா கொல்லப்பட்டார். 1964 ஜனவரியில் படை போய், ரப்வா கணவாயில் பாதை வெட்டி, திரும்பியது. படை போனதும் மலையாட்கள் பாதையைத் தோண்டிப் போட்டார்கள். ஏப்ரல் கடைசியில் மரைன், பாராசூட் படை என்று மறுபடி போகவேண்டி வந்தது. அந்த ஒரு சீசனில் செலவழித்ததை வைத்து எத்தனை காலத்துக்குச் சுங்கத்துக்கு ஈடு கொடுத்திருக்கலாம், கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

கடலோடி மகன்:

அப்படியென்றால் சுங்கத்துக்குப் பதிலாக அதே தொகையைப் படியாகக் கூட்டியிருந்தால் ரத்ஃபான் அடங்கியிருக்குமா?

பழைய கப்பல் குமாஸ்தா:

அடங்கியிருக்காது. 1963க்குள் ஆங்கிலேயரை எதிர்த்துப் பேசிய கெய்ரோ வானொலி எங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பாதையோரத்துக் குதைபிகளில் பாதிப் பேராவது ஒதுங்கி நின்றிருப்பார்கள். தலைவரிடம் கொடுத்தால் போதாது, காவல் நிற்கிறவன் கைக்குப் போகவேண்டும். ஹெயின்ஸுக்கு அது தெரியும்.