ஹாலுக்கு, பெட்ரூமுக்கு என்ன கார்ப்பெட் போட்டீர்கள்? பட்டவர்கள் சொல்லுங்கள்

ராயபுரம் மருமகள்:
ஆறுக்கு ஒன்பதில் புசுபுசுவென்று க்ரீம் கலர் கார்ப்பெட். ஹாலில் விரித்து இரண்டு மாசம்தான் ஆகிறது. கீழ் வீடு, வாசல் நேராக ரோட்டில் திறக்கும், துறைமுகத்துக்குப் போகிற ரோடு, அது எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். தினமும் பெருக்கினேன், பார்க்க சுத்தமாகத்தான் இருந்தது. போன ஞாயிறு மாமியாரின் தோட்டுத் திருகாணி எங்கோ விழுந்துவிட்டது, தேடுவதற்காக கார்ப்பெட்டின் ஒரு முனையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில் மொசைக் தரை முழுக்க மை மாதிரி கரித்தூள், நடுநடுவே ஈரம், கார்ப்பெட் அளவுக்குக் கட்டம் கட்டினாற்போல ஒரு கறை. திட்டவில்லை. விரலால் தொட்டு எடுத்து என்னிடம் காட்டி, "இதுக்கு மேலதான் என் பேரன் தவழுறான்" என்றார். அந்த விரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. (திருகாணி சோபாவுக்கு அடியில் கிடந்தது.) நீங்கள் எந்த ரூமுக்கு எது போட்டீர்கள், எது காலை வாரிவிட்டது, சொல்லுங்கள்.

எண்ணூர் வாசி:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு விரிப்பு. ஹாலில் பிளாஸ்டிக் நூல் கார்ப்பெட், உள் அறையில் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமக்காளம். கார்ப்பெட் தண்ணீரே குடிக்காது, டியூப் பிடித்து அடித்தால் போதும் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார், அது உண்மையும்கூட, இரண்டு வருஷம் அப்படித்தான் கழுவிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு ஜமக்காளத்தைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது, கார்ப்பெட்டை நான் ஒருவனே இழுத்துவந்து மாடிச் சுவரில் போட்டேன், பரவாயில்லை இதுவாவது தப்பித்தது என்று நினைத்தேன். சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் லிக்விட் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. நான்காவது நாளும் காலால் அமுக்கினால் நூலுக்கு நடுவிலிருந்து கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கடலில் கொட்டிய எண்ணெயை எடுக்கப் போடும் வெள்ளைப் பட்டைகளே இந்தக் கார்ப்பெட் நூல் செய்கிற பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்தானாம், தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பிடித்துக்கொள்ளுமாம். கார்ப்பெட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. ஜமக்காளம் சாயம் போய், பாதி கறையோடு, இன்னும் மொட்டைமாடியில் உழைக்கிறது. கிச்சன் பக்கம் பிளாஸ்டிக் நூல் வேண்டவே வேண்டாம், தாளிக்கிற எண்ணெய் தெறித்தாலும் இதே கதைதான்.

பெரம்பூர் லோகோ:
முதலில் ராயபுரம் தங்கச்சிக்கு. கரித்தூள் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது கோர்ட் உத்தரவால் 2011-லேயே நின்றுபோய், எல்லாம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. உங்கள் வீட்டில் இருப்பது கண்டெய்னர் லாரியின் டயர்த் தூளும் டீசல் புகையும். பழியைச் சரியான ஆள் மேல் போட வேண்டும் அல்லவா.

என் கதை சின்னது. பாத்ரூம் வாசலில் பஞ்சு மாதிரி ஒரு மேட், அடியில் ரப்பர் கிடையாது, தரை வழவழ டைல்ஸ். ராத்திரி எழுந்து போன எங்கள் நைனா அதில் கால் வைத்ததும் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால், மேட் மட்டும் நாலடி தள்ளி ஒரு மடிப்புகூட விழாமல் விரித்தபடியே கிடந்தது.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுக்குப் புசுபுசு ரகம் ஆகவே ஆகாது, தரையிலிருந்து ஏறுகிற ஈரம் போக வழியில்லாமல் அடியிலேயே நின்றுவிடும். ஹாலுக்கு ஒட்ட வெட்டின மாதிரி முடி குட்டையாக, கைக்கு இறுக்கமாக இருக்கிற ரகம் போதும், கலர் கொஞ்சம் டார்க்காக. கம்பளி நல்ல சரக்குதான், மறுக்கவில்லை, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கட்டிலுக்கு அடியில் இருட்டில் கிடந்தால் அந்துப்பூச்சி அரித்துவிடும். ஏசி போடும் மாடி ரூம் என்றால் யோசிக்கலாம். பெட்ரூமுக்கு என்னைக் கேட்டால் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டுக்கு ஐந்து காட்டன் விரிப்பு, வாஷிங் மெஷினில் போடலாம். சணல் விரிப்பு பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் பட்டால் பழுப்புக் கறை விழும், பாத்ரூம் பக்கமே காட்டாதீர்கள். இன்னொன்று, தரையில் வினைல் ஷீட் ஒட்டியிருந்தால் ரப்பர் அடி வைத்த மேட்டை அதன் மேல் போடாதீர்கள், ஆறு மாசத்தில் மஞ்சள் கறை பிடிக்கலாம், பிடித்தால் போகாது. டைல்ஸுக்கு ரப்பர் கட்டாயம். பூஜை அறைக்குக் கார்ப்பெட்டே வேண்டாம், விளக்கு இருக்கிற இடம். வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இதை நான் ஒருத்தனே மாடிக்குத் தூக்கிப்போய் ஒரே வெயிலில் காயவைக்க முடியுமா? முடியாதென்றால் கடையை விட்டு நடையைக் கட்டுங்கள்.

ராயபுரம் மருமகள்:
அண்ணா, லாரியோ நிலக்கரியோ, பெருக்குவது நான்தானே. அப்பா இப்போது நடக்கிறாரா?

பெரம்பூர் லோகோ:
வாக்கர் வைத்து நடக்கிறார்மா. அந்த மேட்டை மட்டும் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார், அதன் மேல் என்ன கோபமோ, பால்கனியில் போட்டு அதில்தான் செருப்பை விடுகிறார்.

வண்ணாரப்பேட்டை டைலர்:
எனக்குப் புழுக்கமும் இல்லை, வெள்ளமும் இல்லை, ஏமாந்ததுதான். ஒரு பொருட்காட்சியில் பட்டு கார்ப்பெட் என்று பதினோராயிரம் சொல்லி ஆறாயிரத்துக்குக் கொடுத்தார்கள், துணி வைத்துப் பிழைக்கிறவன் நானே அந்தப் பளபளப்பில் விழுந்துவிட்டேன். பெரிய பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த அன்று யாரோ டீயைக் கொட்டினார்கள், வீட்டில் அவசரத்துக்கு ஈரத்துணியால் தேய்த்தார்கள். காய்ந்ததும் அந்த இடம் மட்டும் அப்பளம் மாதிரி விறைத்து மஞ்சளாகிவிட்டது. சவுகார்பேட்டையில் துணி வியாபாரம் செய்கிற நண்பர் வந்து பார்த்தார், ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். முடி பொசுங்குகிற வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி, உருகி உருண்டையானால் பிளாஸ்டிக். இது குபுகுபுவென்று எரிந்து சாம்பலாக உதிர்ந்தது, பழைய நோட்டைக் கொளுத்தின வாடை. "விஸ்கோஸ்ப்பா, மரக்கூழில் செய்கிற நூல், நீ லைனிங்குக்கு வைக்கிற அதே சரக்கு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. தினம் இருபது மீட்டர் வெட்டுகிறேன் அதை.

சம்பந்தம் அமைந்துவிட்டது, கேட்கிறவர்களுக்காக.

வியாசர்பாடி ஸ்ட்ரைக்கர்:
பெரம்பூர் அண்ணன் சொன்ன குட்டை முடி கார்ப்பெட்தான் எங்கள் ஹாலிலும். ஆனால் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் கேரம் போர்டு இறங்கிவிடும், பவுடர் எல்லாம் கார்ப்பெட்டில் இறங்கி, உட்கார்ந்து எழுந்தால் பேன்ட்டில் வெள்ளை வட்டம். அம்மா ஒருநாள் அதை உதற, எதிர்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த வத்தல் முழுக்க பவுடர், அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. போரிக் பவுடர் என்பதால் வீட்டில் ஒரு கரப்பான் கிடையாது, அது ஒன்றுதான் லாபம். இப்போது கோரைப் பாய். உதறினால் ஓர் உதறல், சுருட்டினால் மூலை. அண்ணனுடைய அவ்வளவு நீள லிஸ்டில் பாய் என்கிற வார்த்தையே இல்லை, கவனித்தீர்களா?

பெரம்பூர் லோகோ:
தம்பி, கேட்டது கார்ப்பெட்.

ராயபுரம் மருமகள்:
சண்டை வேண்டாம். ஹாலில் இப்போதைக்கு வெறுந்தரைதான். மொசைக் கறை ஆசிட்டுக்கும் போகவில்லை, மாமியார் அந்தக் கட்டத்துக்குள் பேரனை உட்காரவைத்து விளையாட்டுக் காட்டுகிறார். கார்ப்பெட்டைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. நேற்றுப் போய் இழுத்தால் உள்ளே பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது.