வத்தளைக் கறுப்புச் சேற்றில் பழைய மழைக்காலம் தெரியுமா?

வத்தளை வாசி:
எங்கள் வீடு முத்துராஜவெலச் சதுப்புப் பக்கம். மாடி எடுக்க முன் மண் பரிசோதனைக்காகப் போன கிழமை ஆட்கள் வந்து துளை போட்டார்கள். மூன்று மீற்றர் போனதும் கறுப்பாக ஒன்று வந்தது. கையில் பிழிந்தால் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர், அழுகிய முட்டை மணம், உள்ளே நாரும் மரத்துண்டும் அப்படியே கிடக்கின்றன. "இது பீட், அரைகுறையாக மக்கிய செடிகொடிச் சேறு; ஆழத்துக்குத் தூண் இறக்கி பைல் அடிக்காமல் முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். உயர்தரம் படிக்கும் மகளோ, இந்த மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களை வைத்துப் பல ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மழையைக் கணிக்கலாம் என்கிறாள். எப்போதோ செத்துப்போன ஒற்றைக்கல உயிர் மழையைப் பற்றி என்ன சொல்லும்? ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், அது உதவுமா?

நுணுக்குக்காட்டி:
மகள் சொல்வது சரி. செத்த உயிர் மக்கிவிடும், அது கட்டிய வீடு மிஞ்சும். சதுப்பில் ஓடுள்ள அமீபாக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பெரும்பாலும் 20 முதல் 200 மைக்குரோமீற்றர் அளவு. ஆர்செல்லா என்பதை மேலிருந்து பார்த்தால் நடுவில் ஓட்டை விட்ட உளுந்து வடை மாதிரியே இருக்கும், மண்ணிறம். டிஃப்ளூஜியா மணல் துணிக்கைகளைப் பொறுக்கி ஒட்டி ஒரு குடம் செய்துகொள்ளும். அதை முதல்முறை கண்ட அன்று நான் வேறு வேலையே செய்யவில்லை. பீட்டுக்குள் ஒட்சிசன் போகாது, அநேகமாக அமிலத்தன்மையும் இருக்கும், அதனால் இந்த ஓடுகள் ஆயிரக்கணக்கான வருஷம் கிடக்கின்றன.

இந்த இனங்களுக்கு ஈரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பம். நீர்மட்டம் மேலே நிற்கும் இடத்தில் ஒரு கூட்டம், அது அரை மீற்றர் கீழே போன இடத்தில் வேறொரு கூட்டம். ஆகவே முதலில் இன்றைய சதுப்பில் பல இடங்களில் நீர்மட்டத்தை அளந்து, அங்கங்கே எந்த இனம் எவ்வளவு என்று எண்ணி, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக்குவார்கள். பெருவின் அமேசான் சதுப்பொன்றுக்கு அப்படி ஒரு கணக்கு 2014இல் வந்தது. பிறகு ஆழத்திலிருந்து எடுத்த பீட்டை அலசிச் சல்லடையில் வடித்து, ஒரு மாதிரிக்கு 150 ஓடு வரை எண்ணி, அதே கணக்கைப் பின்னோக்கிப் போடுவார்கள். அப்போது அன்றைய நீர்மட்டம் தெரியும், அதை வைத்து மழையை ஊகிப்பார்கள். வயதுக்கு ரேடியோ காபன். வருஷத்துக்கு ஒரு மில்லிமீற்றரோ அதிலும் குறைவாகவோதான் பீட் வளரும், ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்குள் பத்து வருஷம், சில வேளை அதைவிடவும் கூட.

பைல் மேசன்:
அந்தப் போத்தலை வைத்துக் காலநிலை சொல்ல முடியாது, அண்ணா. துளை போடும்போது தண்ணீரடித்து மேலும் கீழும் கலந்துவிடும், நாங்கள் மாதிரி எடுப்பதும் அநேகமாக ஒன்றரை மீற்றருக்கு ஒருமுறைதான். ஆய்வுக்காரர்கள் ரஷ்யன் கோரர் என்று ஒரு அரைக்குழாயை அழுத்தித் திருப்பி, அரை மீற்றர் பீட்டை அடுக்குக் குலையாமல் வெட்டி எடுப்பார்கள். இந்த வேலையில் இருக்கிற எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், வத்தளையிலிருந்து ஜா-எல வரை எத்தனை துளை போட்டோம், எல்லாவற்றிலும் "மென்மையான கரிய மண்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டோம்.

நுணுக்குக்காட்டி:
அதோடு இன்னொன்று. அமீபாக் கணக்கு மழைநீரை மட்டும் குடித்து வளரும் சதுப்புக்குத்தான் நன்றாகப் பொருந்தும். முத்துராஜவெல களப்போடு ஒட்டியது, உப்பு ஏறி இறங்கிய இடம். சுமார் 6000 வருஷத்துக்கு முன் இலங்கைக் கரையில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. அங்கே கேட்க வேண்டியது டயட்டம் என்ற, கண்ணாடி மாதிரி ஓடுள்ள ஒற்றைக்கலப் பாசிகளை, உவர்நீர் இனமா நன்னீர் இனமா என்று. மழைக்கு மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குத்தான் போகவேண்டும். அங்குள்ள பீட்டைப் பற்றிப் பிரேமதிலகவும் ரிஸ்பேர்க்கும் 2003இல் எழுதியது பெரும்பாலும் மகரந்தத்தை வைத்துத்தான். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை நலிந்து வறண்டிருந்தது அதில் தெரிகிறது. அதன் பக்கத்தில் அமீபாவையும் வைத்துப் பார்க்க எங்கள் கம்பஸ் பிள்ளைகள் வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

வத்தளை வாசி:
ஈரம் விளங்கியது. வெப்பநிலையும் சொல்லலாமாமே?

மலைநாட்டு அக்கா:
அதற்குப் பக்டீரியா, தம்பி. தேங்காயெண்ணெய் கொழும்பில் தண்ணீர் மாதிரி இருக்கும், நுவரெலியாவில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும், கரண்டி போட்டுத்தான் கிளற வேண்டும். பக்டீரியாவின் தோலும் கொழுப்புத்தான். குளிரில் அது விறைக்காமல் இருக்க, கொழுப்புச் சங்கிலியில் மெதைல் கிளைகளைக் கூட்டிக்கொள்ளும், சூட்டில் குறைத்துக்கொள்ளும். செத்த பிறகும் அந்தக் கொழுப்பு பீட்டில் கிடக்கும், கிளைகளை அளந்து வெப்பநிலையைக் கணிக்கலாம். ஆனால் 2017இல் உலகப் பீட்டுகளுக்கெல்லாம் சேர்த்துப் போட்ட அளவுகோலிலேயே பிழை 4 பாகைக்கு மேல். பனியுகத்தில் நம் மலைகள் குளிர்ந்ததே ஏறத்தாழ அந்த அளவுதான் என்பதால், தனியாக அதை நம்பி எதுவும் சொல்லக்கூடாது.

போத்தலை வீசிவிடாதீர்கள். காற்றுப் படாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். மகளின் பள்ளியில் 400 மடங்கு நுணுக்குக்காட்டி இருந்தால், ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடியில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டயட்டம் ஓட்டின் கோடுகள் கண்ணில் படக்கூடும்.