பத்து வயது மகன் விஷயமாக அனுபவப்பட்டவர்களின் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது. கொஞ்ச நாளாகவே ஆள் மாறிவிட்டான். அழுவதோ மூலையில் முடங்குவதோ கிடையாது. அதனால்தான் அவனுக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி. உயிராக இருந்த கால்பந்தைத் தொடுவதே இல்லை. நேற்று தங்கையிடம், "நான் எதுக்குமே லாயக்கில்ல" என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழந்தைகளிடம் மனச்சோர்வு சோகமாகத்தான் வெளிப்பட வேண்டும் என்றில்லை, எரிச்சலாகவும் உடல்வலியாகவும் வரலாம். 2 வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று படித்தேன். குழந்தைநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். ரத்தசோகை, தைராய்டு கோளாறாலும் சோர்வு வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மனநல மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால், பிள்ளையிடம் என்ன சொல்லி அழைத்துப்போனீர்கள்? முதல் சந்திப்பில் அவனிடம் தனியாகப் பேசுவார்களா? வகுப்பாசிரியரிடம் எவ்வளவு சொல்லலாம்? அப்புறம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்பதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். எனக்கோ வாய் வரவில்லை. நீங்கள் எந்த வார்த்தைகளில் கேட்டீர்கள்?

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" வகை அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. பொதுவில் எழுதத் தயங்கினால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.