எடிசனிலிருந்து வர்ஜீனியா வரை ஓட்டுபவருக்கு எந்த ரேடார் டிடெக்டர் பொருந்தும்?

கேள்வி: எடிசன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறேன். அலுவலக வேலையாக ஐ-95 சாலையில் டெலவேர், மேரிலாந்து வழியாக வர்ஜீனியாவின் ஆஷ்பர்னுக்கு அடிக்கடி காரில் போய்வர வேண்டியிருக்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் பென்சில்வேனியா டர்ன்பைக் வழியாகப் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போவதும் உண்டு. வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் முன்னும் பின்னும் வண்டிகள் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, வேக எல்லை 65 மைலிலிருந்து 55 ஆகக் குறையும் பலகை பெரிய லாரி ஒன்றின் மறைவில் போய்விடுகிறது. அந்த மாதிரி இடங்களில்தான் காவல்துறையின் வண்டியும் நிற்கிறது.

ஆகவே காவல்துறையின் வேக ரேடாரை முன்கூட்டியே உணர்ந்து ஒலிக்கும் ரேடார் டிடெக்டர் ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால், 150 டாலரிலிருந்து 700 டாலருக்கு மேல் வரை வகைவகையாக இருக்கின்றன. எல்லாப் பெட்டிகளிலும் "நீண்ட தூரம்", "360 பாகை" என்றே எழுதியிருக்கிறது. விலை கூடுவதற்கு ஏற்ப உண்மையில் என்ன கூடுகிறது? சமிக்ஞை வரும் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் அவசியமா? பழையதாக ஒன்றை வாங்கினால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: லவுடன் குமரன்

எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வழித்தடத்தைப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேரும் வர்ஜீனியாவில் ரேடார் டிடெக்டருக்குத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் சொந்தக் காரில் இந்தக் கருவியை முற்றாகத் தடைசெய்துள்ள மாநிலம் இது ஒன்றுதான்; இதனுடன் வாஷிங்டன் டி.சி.யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, பென்சில்வேனியா நான்கிலும் சொந்தக் காரில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. வணிக லாரிகளுக்கு 1994 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்தாது.

வர்ஜீனியாச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. கருவி இயங்கிக்கொண்டிருந்தது என்று காவல்துறை நிரூபிக்க வேண்டியதில்லை. வண்டிக்குள் இருந்தாலே அது சான்றாகிவிடும். மின்இணைப்பு இல்லாமலும், ஓட்டுநரோ உடன் இருப்பவரோ எளிதில் எடுத்துப் பயன்படுத்த முடியாத இடத்திலும் வைத்துக் கொண்டுபோனால் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே "அணைத்துத்தான் வைத்திருந்தேன்" என்ற பதில் செல்லாது. வாஷிங்டனைச் சுற்றிப் போகும் பெல்ட்வே சாலையில் அமெரிக்கன் லீஜன் பாலம் ஏறினால் வர்ஜீனியா வந்துவிடும். அதற்கு முன்பே மேரிலாந்துப் பக்கம் எங்காவது நிறுத்தி, கருவியைக் கழற்றி டிக்கியில் ஒரு பையில் போட்டுவிடுங்கள். ஒட்டுக்கிண்ணம் முன்கண்ணாடியில் விட்டுப்போகும் வட்டத் தடத்தையும் துடைத்துவிடுவது நல்லது; நிறுத்துகிற அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. வர்ஜீனியாவில் எல்லையைவிட 20 மைல் கூடுதலாகவோ, எல்லை எதுவாக இருந்தாலும் 85 மைலுக்கு மேலாகவோ ஓட்டினால் அது வெறும் அபராதச் சீட்டோடு முடிகிற விஷயம் அன்று. அபாயகரமாக ஓட்டிய குற்றமாகப் பதிவாகும். குற்றவியல் பிரிவில் வருவதால் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். சட்டத்தில் 2,500 டாலர் வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் இருக்கின்றன. விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பதில்: அலைவாங்கி

குமரன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் கருவியைப் பற்றிச் சொல்கிறேன்; கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

காவல்துறையின் ரேடார் துப்பாக்கி மூன்று அலைப்பட்டைகளில் இயங்குகிறது. எக்ஸ் பட்டை 10.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. மிகப் பழையது, பெரும்பாலான இடங்களில் வழக்கொழிந்துவிட்டது, நியூ ஜெர்சியில்தான் மற்ற இடங்களைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. கே பட்டை 24.05 முதல் 24.25 வரை. கேஏ பட்டை 33.4 முதல் 36 வரை; இன்றைய துப்பாக்கிகள் பெரும்பாலும் இதில் 33.8, 34.7, 35.5 ஆகிய எண்களைச் சுற்றியே இருக்கின்றன. துப்பாக்கியிலிருந்து கிளம்பும் அலை உங்கள் வண்டியில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் வேகத்தை அளக்க முடியும். டிடெக்டருக்கோ அலை ஒருவழியாக வந்து சேர்ந்தாலே போதும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வருபவர் நம்மைப் பார்ப்பதற்கு வெகுமுன்பே அவர் வருவது நமக்குத் தெரிந்துவிடுவதைப் போன்றதுதான் இது. அதனால் சமவெளியில், தொடர்ந்து அலை வீசிக்கொண்டிருக்கும் ரேடாரை இன்றைய நடுத்தர விலைக் கருவிகளும் போதிய முன்னறிவிப்புடன் பிடித்துவிடுகின்றன. வளைவும் மேடும் மரச்செறிவும் உள்ள சாலைகளில்தான் கூடுதல் உணர்திறனுக்கு மதிப்பு வருகிறது.

அப்படியானால் விலை எதற்குக் கூடுகிறது என்றால், என் கணிப்பில் பாதிக்கு மேல் பொய் எச்சரிக்கைகளை வடிகட்டுவதற்குத்தான். மருந்துக்கடை, பேரங்காடி ஆகியவற்றின் தானியங்கிக் கதவுகள் கே பட்டையில் அலை வீசுகின்றன. அதைவிடப் பெரிய தொல்லை மற்றக் கார்களின் பக்கவாட்டு மறைவிட எச்சரிக்கைக் கருவிகள், அதாவது ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமல் பக்கத்தில் வரும் வண்டியை அறிவிப்பவை. அவற்றில் பல 24 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. (புதிய கார்கள் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவருகின்றன, ஆனால் பழையவை சாலையை விட்டுப் போக இன்னும் பல வருடங்கள் ஆகும்.) வடிகட்டி சரியில்லாத கருவியை வைத்துக்கொண்டு டர்ன்பைக்கில் போய்ப் பாருங்கள்: அடுத்த தடத்தில் அந்த மாதிரிக் கார் ஒன்று நெருங்கும்போது ஒலி ஏறும், உங்கள் தோளுக்கு நேராக வரும்போது உச்சத்தில் கத்தும், கடந்து போனதும் இறங்கும், அதற்குள் அடுத்த கார் வந்துவிடும். சிறிது நேரத்தில் ஒலியை முழுவதும் குறைத்துவிடுவீர்கள்; அதன் பிறகு உண்மையான எச்சரிக்கை வந்தாலும் காதில் விழாது. மலிவான கருவியால் பயனில்லாமல் போவது அது ரேடாரைப் பிடிக்காததால் அன்று, அதை யாரும் நம்பாமல் போய்விடுவதால்.

எனவே இரண்டு வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டாம். அலைவெண்ணை எண்ணாகவே திரையில் காட்ட வேண்டும்: 24.150 என்று கடைத்தெருவில் வந்தால் கதவாக இருக்கலாம், திறந்த நெடுஞ்சாலையில் 34.7 என்று வந்தால் உடனே வேகமானியைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஜிபிஎஸ் துணையுடன் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப வரும் பொய்ச் சமிக்ஞையை நினைவில் வைத்து அடக்கும் வசதி. தினமும் ஒரே வழியில் போய்வருபவருக்கு இதைவிட உதவும் அம்சம் வேறில்லை. யூனிடன் நிறுவனத்தின் ஆர்4, ஆர்7, ஆர்8 ஆகியவற்றிலும் எஸ்கார்ட் நிறுவனத்தின் உயர்வகைகளிலும் இது உள்ளேயே இருக்கிறது. வாலன்டைன் ஒன் கருவிக்குள் ஜிபிஎஸ் இல்லை. கைப்பேசிச் செயலியுடன் இணைத்தால்தான் கிடைக்கும்.

எந்தக் கருவியாலும் ஆகாதவற்றையும் அறிந்து வைத்திருங்கள். காவலர் துப்பாக்கியை அணைத்தே வைத்திருந்து, வண்டி நெருங்கியதும் ஒரு கணம் அழுத்தினால், அந்தச் சாலையில் முதலாவதாகப் போகிறவருக்கு முன்னறிவிப்பு என்று ஒன்று கிடையாது. உங்களுக்கு முன்னால் போகிற வேறொருவரை அளக்கும்போது சிதறும் அலையைப் பிடித்தால்தான் உண்டு. ரேடாருக்குப் பதில் லேசர் ஒளியால் வேகத்தை அளக்கும் துப்பாக்கியின் கற்றை 1,000 அடி தூரத்திலும் ஏறத்தாழ மூன்றடி அகலமே இருக்கும் என்பதால், லேசர் எச்சரிக்கை ஒலித்தால் பெரும்பாலும் உங்கள் வேகத்தை அளந்து முடித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். பென்சில்வேனியா ஒரு தனிக்கதை. அங்கே நெடுங்காலமாக மாநிலக் காவல்துறை மட்டுமே ரேடாரைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. ஊர்க் காவல்துறைகள் சாலையில் குறித்த இரண்டு கோடுகளுக்கு இடையே வண்டி ஓடும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகின்றன. பிடிப்பதற்கு அலையே இல்லாத இடத்தில் 700 டாலர் கருவியும் ஊமைதான். டர்ன்பைக்கை விட்டிறங்கிச் சிற்றூர்களுக்குள் நுழையும்போது பலகையை மட்டுமே நம்புங்கள்.

பதில்: டெலவேர் தங்கம்

என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. பகல் நேரத்தில் ஐ-95 போன்ற சாலையில் வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுகிறது. முன்னால் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் யாராவது ஒருவர் காவலர் நிற்கும் இடத்தைச் செயலியில் தட்டிவிடுகிறார். அதோடு நடப்பு வேக எல்லையும் திரையில் தெரிகிறது, எல்லையைத் தாண்டினால் ஒலிக்கவும் செய்கிறது. கேள்வி கேட்டவரின் உண்மையான சிக்கல் பலகை கண்ணில் படாமல் போவதுதான். அதற்கு எதற்கு 500 டாலர் செலவு?

பதில்: அலைவாங்கி

தங்கம் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேஸ் இல்லாமல் டிடெக்டரை மட்டும் வைத்து ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் செயலிக்குத் தகவல் தர மனிதர் வேண்டும். நள்ளிரவுக்கு மேல் பென்சில்வேனியா மலைப்பாதையில் தட்டிச் சொல்ல ஆளிருக்காது. பகலிலும் காவலர் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆன பிறகும் பழைய குறி திரையில் கிடக்கும். மறுபக்கம், வேகக் கேமராக்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் செயலியே நன்றாகச் சொல்கிறது. மேரிலாந்தில் பள்ளி வட்டாரங்களிலும் சாலைப்பணி நடக்கும் இடங்களிலும் அவை உண்டு. நியூ ஜெர்சிச் சட்டம் வேகக் கேமராவை அனுமதிப்பதில்லை என்பதால் உள்ளூரில் அந்தக் கவலை இல்லை.

எடிசன்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. வர்ஜீனியாத் தடை எனக்குப் புதிய செய்தி. பட்டியலை யூனிடன் ஆர்4, வாலன்டைன் ஒன் இரண்டாம் தலைமுறை என்ற இரண்டாகக் குறைத்திருக்கிறேன். என் காரிலும் பக்கவாட்டு மறைவிட எச்சரிக்கை இருக்கிறது. அது இடைஞ்சல் செய்யுமா? இன்னொரு கேள்வி: "கண்டுபிடிக்க முடியாதது" என்று விளம்பரம் செய்யும் கருவிகளை வாங்கினால் வர்ஜீனியாவில் கழற்ற வேண்டியதில்லை என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?

பதில்: லவுடன் குமரன்

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். டிடெக்டருக்குள் அலையை உண்டாக்கும் பகுதியான அலையியற்றியிலிருந்து சிறிதளவு அலை வெளியே கசியும். அந்தக் கசிவைப் பிடிக்கும் கருவி காவல்துறையிடம் உண்டு. கசிவைக் குறைத்திருப்பதைத்தான் அந்த விளம்பரம் சொல்கிறது. அதிகாரி வேறு காரணத்துக்காக வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் கருவியைப் பார்த்துவிட்டால் எந்தக் கசிவின்மையும் உதவாது. நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். கூடவே அவர் ஜாமர் என்ற சொல்லை எடுத்தால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ரேடார் அலையைக் குழப்பும் கருவி நாடு முழுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

பதில்: அலைவாங்கி

உங்கள் காரின் எச்சரிக்கைக் கருவி பின்பக்க பம்பருக்குள் இருக்கும். டிடெக்டர் முன்கண்ணாடியில் இருக்கும். நேரடி இடைஞ்சல் குறைவுதான், ஆனால் பக்கத்தில் லாரியோ கான்கிரீட் சுவரோ வரும்போது சொந்தக் காரின் அலையே பட்டுத் திரும்பிக் கருவியை ஒலிக்க வைக்கலாம். திருப்பி அனுப்பும் கால வரம்புள்ள கடையில் வாங்கி, அந்தக் காலத்துக்குள் உங்கள் காரிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய கருவி வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: மறைவிட எச்சரிக்கை பரவுவதற்கு முன் வந்த டிடெக்டர்களில் அதற்கான வடிகட்டி இருக்காது.

இந்த இரண்டில் எது என்பது அம்புக்குறியைப் பொறுத்தது. 1992 இல் வந்த முதல் வாலன்டைன் ஒன்னிலேயே அது இருந்தது. அதை உருவாக்கிய மைக் வாலன்டைன், 1978 இல் எஸ்கார்ட் டிடெக்டரைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர். நாடு முழுவதும் 55 மைல் எல்லை இருந்த காலத்தில் வளர்ந்த தொழில் இது. சமிக்ஞை முன்னாலிருந்து பின்னால் மாறுவதை அம்பு காட்டுவதால் கடந்து வந்துவிட்டோம் என்பது தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு மூலங்கள் இருந்தாலும் பிரித்துக்காட்டும். சாலையை நன்றாகப் படித்து ஓட்டுபவருக்கு அருமையான வசதி. ஆனால் கருவியோடு செயலியையும் இணைத்துத் திருத்திக்கொண்டே இருப்பதில் பொறுமை வேண்டும். அது உங்களுக்கு இல்லையென்றால் ஆர்4 போதும். அதில் அம்பு இல்லை, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது, உணர்திறனிலும் குறையில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் ஆர்4 பக்கம்தான் சாய்வேன்.

பதில்: ஸ்கார்பரோ வாசன்

ஒரு குறிப்பு மட்டும். கோடையில் டொரண்டோ பக்கம் உறவினரைப் பார்க்க வருபவராக இருந்தால், ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் இந்தக் கருவிக்குத் தடை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் அபராதத்தோடு காவல்துறை கருவியையும் பறிமுதல் செய்துவிடும், திரும்பக் கிடைக்காது. எல்லை தாண்டுவதற்கு முன்பே வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் சிக்கனம்.

பதில்: டெலவேர் தங்கம்

வாங்குவது என்று முடிவாகிவிட்டதால் பொருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்கண்ணாடியில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உயரமாக, எதிரில் வைப்பர் தண்டோ மேலே உள்ள கறுப்புப் புள்ளிப் பட்டையோ மறைக்காத இடத்தில், சாலைக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் படலம் இருக்கும். அது ரேடார் அலையையும் தடுத்துவிடும், ஆகவே உங்கள் காரின் கையேட்டை முதலில் பாருங்கள். வர்ஜீனியாவுக்காக அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் மின்கம்பியைக் கூரைக்குள் நிரந்தரமாக ஓட்டிவிடாமல், லைட்டர் துளையில் செருகும் கம்பியையே வைத்துக்கொள்வது உங்களுக்கு வசதி.